7. ஓயாத பெடல்: மோட்டார் பொருத்திய பயிற்சி சைக்கிளை நோயாளிக்குப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது

சாதாரண உடற்பயிற்சி சைக்கிளில் ஒரு பாதுகாப்பு தானாகவே அமைந்திருக்கிறது. மிதிப்பவருக்கு மூச்சு வாங்கினால் கால் தளர்கிறது. முட்டி வலித்தால் கால் நிற்கிறது. கால் நின்றால் பெடலும் நின்றுவிடுகிறது. களைப்பும் வலியும்தான் அந்தக் கருவியின் பிரேக். மோட்டார் பொருத்திய சைக்கிளில் இந்த பிரேக் கிடையாது. நோயாளி களைத்தாலும், கண்ணயர்ந்தாலும், பாதம் பட்டையிலிருந்து பாதி நழுவினாலும் பெடல் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சுற்ற முடியாத கால்களைச் சுற்றவைப்பதே அதன் பயன். ஆபத்தும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. எனவே மோட்டார் பறித்துக்கொண்ட பிரேக்கை வெளியிலிருந்து நாம் திருப்பிப் போட்டாக வேண்டும். யாருக்குத் தரலாம், எப்படி உட்காரவைப்பது, என்ன வேகம், எத்தனை நிமிடம், யார் பக்கத்தில் இருப்பது என்று இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் இதுதான். காரணம் பிடிபட்டுவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இங்கே எழுதப்படாத ஒரு சிக்கல் வந்தாலும் என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

கருவிக்குத் தெரிவதும் தெரியாததும்

ஜெர்மனியில் தயாராகும் மோட்டோமெட், தேரா-டிரெய்னர் போன்றவை மறுவாழ்வு மையங்களில் காணப்படும் கருவிகள். வீல்சேரை எதிரே நிறுத்திப் பயன்படுத்தலாம். கட்டிலின் கால்மாட்டில் வைத்து, படுத்தபடியே காலைச் சுற்றும் வகையும் உண்டு. இவற்றில் பயிற்சி மூன்று விதமாக நடக்கும். முதலாவதில் நோயாளி எதுவும் செய்யாமல் இருக்க மோட்டாரே காலைச் சுற்றும். இரண்டாவதில் நோயாளி தன்னால் ஆனதைச் செய்வார், குறையை மோட்டார் நிரப்பும். மூன்றாவதில் நோயாளியே மிதிப்பார், கருவி அதற்கு எதிர்ப்புத் தரும். காலில் திடீரென்று இறுக்கம் ஏறிப் பெடல் தடைபட்டால் மோட்டார் நின்று, பிறகு எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றத் தொடங்கும் வசதியும் உண்டு. இன்னொரு பக்கம், தரையில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து பயன்படுத்தும் சிறிய மோட்டார் பெடல்கள் இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. பார்வைக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் மலிவான பலவற்றில் இறுக்கத்தை உணரும் வசதியோ, மோட்டாரின் விசைக்கு எல்லை வைக்கும் வசதியோ, கணுக்காலைத் தாங்கும் அமைப்போ இருப்பதில்லை. வாங்குமுன் விலையைவிட இவற்றைத்தான் கேட்க வேண்டும்.

“இறுக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே வாங்கிவிட்டோம், அப்புறம் என்ன பயம்?” என்று கேட்கலாம். அந்த வசதி அறிவது பெடலில் ஏற்படும் தடையை மட்டுமே. பக்கவாதத்தின் தொடக்க வாரங்களில் கால் துவண்டு கிடக்கும்போது அது தடையே தராது. கணுக்கால் உள்பக்கம் மடங்கியபடி சுற்றினாலும் மோட்டாருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே படும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் பட்டை உரசித் தோல் வழன்றாலும் பெடலுக்கு எதுவும் தெரியாது. ரத்த அழுத்தம் இறங்குவது, சர்க்கரை குறைவது, நெஞ்சு அடைப்பது ஆகிய எதுவும் பெடல் வழியாகப் பேசுவதில்லை. நெடுநாள் அசையாமல் கிடந்து எலும்பு மெலிந்தவருக்கு, மோட்டார் ‘தடை’ என்று கணக்கிடும் விசைக்குக் குறைவான விசையே எலும்பை முறிக்கப் போதுமானதாக இருக்கலாம். ஆகவே அந்த வசதி அவசியமானதுதான், ஆனால் அது மட்டும் போதாது. கருவியில் விசை எல்லையை மாற்ற முடிந்தால், கால் சுற்றுவதற்கு எவ்வளவு குறைவாகத் தேவையோ அவ்வளவில் இயன்முறை மருத்துவரை வைத்துத் தரச் சொல்ல வேண்டும். கால் அடிக்கடி நிற்கிறது என்பதற்காக வீட்டிலுள்ளவர்கள் அந்த எல்லையைத் தாமாகவே கூட்டக் கூடாது. அடிக்கடி நிற்பது பழுதல்ல. கால் எதையோ சொல்கிறது என்று பொருள்.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

“இத்தனை ஆபத்து என்றால் கருவியே வேண்டாமே” என்பது இதற்கு நேர்மாறான வாதம். அசையாமல் கிடப்பது ஆபத்தில்லாத நிலையாக இருந்தால் இந்த வாதம் சரி. படுக்கையில் கிடக்கும் உடலில் தொடைத் தசை நாளுக்கு நாள் கரைகிறது, மூட்டுகள் இறுகுகின்றன, குதிகாலிலும் இடுப்பிலும் படுக்கைப்புண் வருகிறது, காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைகிறது. எனவே ஒப்பிட வேண்டியது கருவியின் ஆபத்தையும் பூஜ்யத்தையும் அல்ல. கருவியின் ஆபத்தையும் அசையாமையின் ஆபத்தையும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 90 நோயாளிகளிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு வழக்கமான பயிற்சியோடு வாரம் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் கட்டிலிலேயே பெடல் பயிற்சி தரப்பட்டது. மருத்துவமனையை விட்டுப் போகும்போது ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம் 196 மீட்டர். மற்றவர்கள் நடந்தது 143 மீட்டர். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 181 நோயாளிகள் செய்த 541 பெடல் அமர்வுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரை, ஒரே ஓர் அசம்பாவிதத்தைத்தான் பதிவு செய்தது: பொருத்தியிருந்த குழாய்கள் இடம்பெயர்ந்தன.

இந்த எண்களை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்கு ஒரு பெடலை வாங்கிவிடுவதில் இரண்டு தவறுகள் உண்டு. முதலாவது, அந்த 541 அமர்வுகளும் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரின் கண்ணெதிரே, இதயத் துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் ஓயாமல் காட்டும் மானிட்டர் பக்கத்தில் ஓட, எப்போது நிறுத்துவது என்ற விதி முன்பே வகுக்கப்பட்ட நிலையில் நடந்தவை. பாதுகாப்பு அங்கே கருவிக்குள் இருக்கவில்லை. கருவியைச் சுற்றி நின்ற ஏற்பாட்டில் இருந்தது. ஏற்பாட்டை மருத்துவமனையில் விட்டுவிட்டுக் கருவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த எண் கூடவே வந்துவிடாது. இரண்டாவது, பலனைப் பற்றியது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலுள்ள 16 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வென்டிலேட்டரில் இருந்த 360 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. வழக்கமான இயன்முறைப் பயிற்சியோடு தினமும் 30 நிமிடம் வரை பெடல் பயிற்சியும் சேர்த்துத் தரப்பட்டவர்களுக்கும், வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும், தீவிர சிகிச்சையை விட்டு வெளிவந்த மூன்றாம் நாளில் உடல் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. லூவன் ஆய்விலும் இந்த ஆய்விலும் பெடல் மற்றப் பயிற்சிகளுக்கு மேல் சேர்க்கப்பட்டதே தவிர, அவற்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டதல்ல. எனவே, பெடல் வந்துவிட்டது என்பதற்காக எழுந்து நிற்கும் பயிற்சியையோ நடைப் பயிற்சியையோ குறைத்துவிட்டால், அதை நியாயப்படுத்த இந்த ஆய்வுகளில் எதுவும் இல்லை.

பக்கவாத நோயாளிகளின் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னோர் ஆய்வு அவெர்ட். ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான இது பெடலைப் பற்றியது அல்ல; பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, அடிக்கடி, அதிக நேரம் இயங்கவைப்பதைப் பற்றியது. சீக்கிரமாகவும் அதிகமாகவும் செய்தால் சீக்கிரம் குணமாகும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் அந்தத் தீவிரப் பிரிவில் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காடு. அதே தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, குறைந்த நேரப் பயிற்சியைப் பல தடவையாகப் பிரித்துத் தருவது நல்ல பலனோடு சேர்ந்து வந்தது தெரிந்தது. “மோட்டார்தானே சுற்றுகிறது, ஒரு மணி நேரம் போட்டுவிட்டால் என்ன?” என்ற கேள்விக்கு இதிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. மூளையும் ரத்த நாளங்களும் இன்னும் நிலைப்படாத நாட்களில் எப்போது தொடங்குவது என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகும் நீண்ட ஓர் அமர்வைவிடக் குறுகிய இரண்டு மூன்று அமர்வுகளே மேல்.

பெடலைத் தொடுமுன்

யாருக்கு இந்தப் பயிற்சி இப்போது கூடாது என்ற பட்டியல் நீளமானதல்ல. ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக் கூடும். மருத்துவர் பார்த்துச் சிகிச்சை தொடங்கி அனுமதிக்கும்வரை பெடல் வேண்டாம். இன்னும் ஒட்டாத எலும்பு முறிவு, சமீபத்திய மாரடைப்பு, ஓய்விலும் வரும் நெஞ்சு வலி, காய்ச்சல், பாதத்தில் ஆறாத புண், காரணம் தெரியாமல் இடுப்பிலோ முட்டியிலோ வந்த வீக்கம் ஆகியவையும் அப்படியே. அன்றாடச் சோதனை வேறு. ஓய்வில் ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தாலோ, நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டியிருந்தாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 90-க்குக் கீழ் காட்டினாலோ அன்றைய பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நுரையீரல் நோயாளிக்கோ இதய நோயாளிக்கோ மருத்துவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுவே செல்லும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 70-க்குக் கீழ் என்றால் அது தாழ்சர்க்கரை, அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் பயிற்சி வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இவற்றைத் தினமும் பார்ப்பது மிகையான ஜாக்கிரதை என்று தோன்றலாம். தானாக மிதிக்கிறவர் உடம்பு முடியாத நாளில் அதை மிதிப்பிலேயே காட்டிவிடுவார். மோட்டார் சுற்றும் காலில் நல்ல நாளும் கெட்ட நாளும் ஒரே மாதிரிதான் தெரியும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்தச் சோதனைதான் அந்த வேறுபாட்டை நமக்குக் காட்டும்.

உட்காரவைப்பதும் பாதம் வைப்பதும்

வீட்டில் நேரும் சறுக்கல்கள் பெரும்பாலும் நாற்காலியிலும் தரையிலும்தான் தொடங்கும். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பெடல் காலைத் தள்ளும்போது அது பின்னுக்கு நகரும் அல்லது ஒரு பக்கம் சாயும். கைப்பிடியும் நிமிர்ந்த முதுகும் உள்ள கனமான மர நாற்காலி அல்லது இரண்டு பிரேக்கும் போடப்பட்ட வீல்சேர் வேண்டும். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருப்பது நல்லது. டைல்ஸ் தரையில் சிறிய பெடல் கருவி வழுக்கி முன்னே ஓடும். அடியில் ரப்பர் பாய் விரித்து, கருவியை நாற்காலியோடு இணைக்கும் பட்டையோ கொக்கியோ இருந்தால் மாட்ட வேண்டும். வேட்டி, லுங்கி, நைட்டி, புடவை எதுவானாலும் பெடல் அச்சில் சுற்றிக்கொள்ளும். முட்டிக்குக் கீழே இறுக்கமாக நிற்கும் கால்சட்டைதான் பயிற்சிக்கான உடை. பக்கத்தில் நின்று உதவுபவரின் முந்தானைக்கும் துப்பட்டாவுக்கும் இதே விதிதான். சிறுநீர்க் குழாய் இருந்தால் அது தொடைக்கு மேலே தளர்வாக ஒட்டப்பட்டு, பை இடுப்புக்குக் கீழே, பெடல் சுழலும் வட்டத்துக்கு வெளியே தொங்க வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடந்த அந்த ஒரே அசம்பாவிதமும் குழாய் சம்பந்தப்பட்டதுதான் என்பதை நினைவில் வைக்கலாம்.

மின் இணைப்பையும் கருவியின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். எர்த் உள்ள மூன்று முனை பிளக்கில் மட்டுமே செருக வேண்டும். ஒயர் நடைபாதையில் குறுக்கே கிடக்கக் கூடாது. மின்வெட்டில் பெடல் நின்றுவிடுவதில் ஆபத்தில்லை. மின்சாரம் திரும்பும்போது கருவி தானாகவே சுற்றத் தொடங்கினால்தான் ஆபத்து. நோயாளியை உட்காரவைக்குமுன், வெறும் கருவியை ஓடவிட்டு, சுவிட்சை அணைத்துப் போட்டு இதை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். தானாகத் தொடங்குகிற கருவியாக இருந்தால், மின்சாரம் போன கணமே பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பது வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பாதத்தைப் பொருத்துவது அவசரமாகச் செய்யும் வேலையல்ல. பெடல் முழுவதும் நின்றிருக்கும்போதுதான் பாதத்தை வைக்கவோ எடுக்கவோ வேண்டும். வெறுங்காலும் செருப்பும் வேண்டாம்; சுருக்கமில்லாத சாக்ஸும் குதிகால் கெட்டியாக உள்ள ஷூவும் போட வேண்டும். குதிகால் பெடல் தட்டின் பின்விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும். வெல்க்ரோ பட்டை விரல்களின் மேல் அல்லாமல் புறங்காலின் மேட்டில் படிய வேண்டும். பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு போதும். பிறகு மோட்டாரைப் போடாமல், கையால் பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். கால் மிகத் தொலைவில் இருக்கும் இடத்தில் முட்டி முழுக்க நீண்டுவிடாமல் சற்று மடங்கியே இருக்க வேண்டும்; மிக அருகில் இருக்கும் இடத்தில் தொடை வயிற்றை அழுத்தக் கூடாது. முட்டி எந்த இடத்திலும் வெளிப்பக்கம் சாயாமலும் உள்பக்கம் இடிக்காமலும் பாதத்தின் நேரே போய்வர வேண்டும். துவண்ட கால் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான் சரியும்; அப்படியென்றால் கெண்டைச்சதையைத் தாங்கும் தாங்கி இல்லாமல் அந்தக் காலைச் சுற்றவைக்கக் கூடாது. பக்கவாதத்தில் விழுந்த கை நாற்காலிக்கு வெளியே தொங்கினால் தோள்மூட்டு கீழே இறங்கிவிடும். மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் அந்தக் கையைக் கிடத்த வேண்டும்.

வேகமும் நேரமும்

வேகத்தைக் கூட்டினால் இறுகிய கால் சீக்கிரம் இளகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிர். பக்கவாதத்திலும் தண்டுவட பாதிப்பிலும் வரும் தசை இறுக்கத்தின் இயல்பே, தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு அதிகமாக அது எதிர்ப்பதுதான். மெதுவாக நீட்டினால் தசை இடம் கொடுக்கும். சட்டென்று நீட்டினால் பிடித்துக்கொள்ளும். எனவே தொடக்க வேகம் நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்று போதும். லூவன் தீவிர சிகிச்சைப் பிரிவு ஆய்வில்கூட மோட்டார் தானாகச் சுற்றும் கட்டத்தில் 20 சுற்று என்ற அளவிலேயே நடத்தியிருக்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் மோட்டாரே சுற்றட்டும். கால் இளகிய பிறகு நோயாளியைச் சேர்ந்து மிதிக்கச் சொல்லலாம். கடைசி இரண்டு நிமிடம் மறுபடி மோட்டார். முதல் வாரத்தில் மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம், காலையும் மாலையும். இருபது முப்பது நிமிடம் என்று நீட்டுவதை இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே செய்யலாம்.

இறுக்கம் ஏறுவதைப் பெடல் நிற்குமுன்பே கண்ணால் பார்க்க முடியும். முதலில் கால் விரல்கள் ஷூவுக்குள் உள்நோக்கிச் சுருளும். ஷூவின் முன்பக்கத் துணி மேடிடும். அடுத்து குதிகால் தட்டிலிருந்து ஒரு நூல் அளவு எழும்பும். அதன்பின் முட்டி உள்பக்கம் இழுக்கும், தொடை விறைக்கும், மோட்டாரின் ஓசை கனக்கும். குதிகால் எழும்பும்போதே நிறுத்திவிட்டால் மேற்கொண்டு எதுவும் நேராது. நிறுத்திய பிறகு பாதத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. முட்டியை மெதுவாக மடக்கிய நிலையில் தாங்கி, இறுக்கம் தானாக விடும்வரை காத்திருந்து, அன்றைக்கு இன்னும் குறைந்த வேகத்தில், எதிர்த்திசையில் தொடங்கலாம். வழக்கத்துக்கு மாறாக ஒரே அமர்வில் மீண்டும் மீண்டும் இறுக்கம் வந்தால் காரணம் பெடலுக்கு வெளியே இருக்கக் கூடும்: நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், நகம் உள்வளர்ந்த விரல், தொடங்கிவரும் படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று. அன்று பயிற்சியை விட்டு அந்தக் காரணத்தைத் தேட வேண்டும்.

பக்கத்தில் இருப்பவரின் வேலை

நோயாளிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதிதான் வீடுகளில் அதிகம் மீறப்படுவது. அதற்கான காரணம் அலட்சியமல்ல, ஆள் பற்றாக்குறை. மகள் வேலைக்குப் போக வேண்டும், மனைவி சமையலைப் பார்க்க வேண்டும். ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்க முடியாது என்பதால்தானே மோட்டார் பெடலே வாங்கியது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மோட்டார் மிச்சப்படுத்துவது காலைத் தூக்கிச் சுற்றும் உடலுழைப்பை, கண்காணிப்பை அல்ல. பக்கத்தில் ஆள் இருக்கும் பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் பயிற்சியும் பத்து நிமிடம்தான். நிறுத்தும் பட்டனோ ரிமோட்டோ உதவுபவரின் கையில் இருக்க வேண்டும். நோயாளியின் நல்ல கைக்கும் எட்டுமானால் இன்னும் நல்லது. பேச்சு இழந்த நோயாளியிடம் நல்ல கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று முன்பே பழக்கிவைக்க வேண்டும். உடலின் ஒரு பக்கம் தங்களுக்கு இருப்பதையே உணராத நோயாளிகளும் உண்டு. அவர்கள் “வலிக்கவில்லை” என்று சொல்வதை அந்தப் பக்கத்துக்கான சான்றாகக் கொள்ள முடியாது. உதவுபவர் உட்கார வேண்டியது பாதிக்கப்பட்ட காலின் பக்கம்.

எவ்வளவு முயற்சி போதும் என்பதற்கு நாடித்துடிப்பை மட்டும் நம்ப முடியாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் அடக்கிவைக்கும். சிரமத்தை 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பிடட்டும். 3 அல்லது 4 போதும். முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் மூச்சு இருக்க வேண்டும். நெஞ்சில் பாரம், தாடையிலோ இடக்கையிலோ பரவும் வலி, திடீர் வியர்வை, தலைசுற்றல், முகம் வெளுப்பது, புதிதாக வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, எலும்பில் ‘மடக்’ என்ற ஓசை ஆகியவற்றில் எது வந்தாலும் மோட்டாரை நிறுத்த வேண்டும். நோயாளியை உட்கார்ந்த நிலையில் தாங்கிக்கொண்டு பட்டைகளை அவிழ்க்க வேண்டும். நெஞ்சு வலி, பேச்சுக் குழறல் என்றால் அடுத்த வேலை 108-ஐ அழைப்பது. பயிற்சி முடிந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி உள்ளங்கால், குதிகால், புறங்கால் மூன்றையும் பார்க்க வேண்டும். பட்டை பட்ட இடத்தின் சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அடுத்த அமர்வு அந்த இடம் சரியான பிறகுதான். சர்க்கரை நோயாளியின் மரத்த பாதத்துக்கு இந்தப் பார்வைதான் வலி உணர்ச்சி.

தனிக் கவனம் தேவைப்படுபவர்கள்

தண்டுவடத்தில், நெஞ்சுப் பகுதியின் ஆறாவது எலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் பட்டவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. காயத்துக்குக் கீழே ஏதேனும் உறுத்தினால், மூளையால் கட்டுப்படுத்த முடியாமல் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறும். திடீர்த் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே மட்டும் வியர்ப்பது ஆகியவை அறிகுறிகள். பெடலை நிறுத்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, காலைத் தாழ்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்காவிட்டால் உடனே மருத்துவமனை. இவர்களுக்கு முட்டியைச் சுற்றியுள்ள எலும்புகள் சில ஆண்டுகளிலேயே மெலிந்துவிடுவதால், பல வருடம் கழித்துப் புதிதாகப் பெடல் தொடங்குபவர் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்வது நல்லது. முட்டி மாற்று அறுவை செய்தவருக்கு முழுச் சுற்று வர முட்டி ஏறத்தாழ 110 டிகிரி மடங்க வேண்டியிருக்கும்; அதற்கு முன்னால் மோட்டார் அந்த இடத்தைத் தாண்டவைத்தால் அது பயிற்சியல்ல, வலுக்கட்டாயம். இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தலாம், பெடலை அச்சோடு இணைக்கும் தண்டின் நீளத்தைக் குறைக்கும் வசதியிருந்தால் குறைக்கலாம். டயாலிசிஸ் நடக்கும்போதே பெடல் செய்யும் மையங்களில் அதை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பது வழக்கம். நீர் இறங்க இறங்க ரத்த அழுத்தம் தாழக்கூடும் என்பதே காரணம்.

மோட்டாரின் பங்கைக் குறைப்பதே இலக்கு

“கால் சுற்றினாலே நரம்பு விழித்துக்கொள்ளும்” என்ற நம்பிக்கையில் மாதக்கணக்காக மோட்டாரை மட்டும் ஓடவிடுவதும் பாதுகாப்புப் பிரச்சினைதான். இழப்பது உடனே தெரியாது என்பதே வித்தியாசம். தானாகச் சுற்றும் பெடல் மூட்டுகளை இறுகவிடாமல் வைக்க உதவும். ஆனால் தசை வலுப்பெற அது தானே சுருங்கியாக வேண்டும். கண்கள் டிவியில் இருக்க, கால் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரம் எழுந்து நிற்கும் பயிற்சியிலிருந்து திருடப்பட்ட நேரம். நல்ல கருவிகளின் திரையில் வலது கால் எவ்வளவு, இடது கால் எவ்வளவு என்ற பங்கு தெரியும். நோயாளி மும்முரமாக மிதிப்பதுபோல் இருந்தாலும் நல்ல காலே முழுச் சுமையையும் இழுத்து, பலவீனமான காலைச் சும்மா கூட்டிச் செல்வது அந்தத் திரையில்தான் வெளிப்படும். அப்போது வேகத்தைக் குறைத்து, பலவீனமான காலின் தொடையில் கை வைத்து, அந்தக் கால் கீழே போகும் முறையில் மட்டும் “இப்போ அழுத்துங்க” என்று சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இதற்காகப் பெடலுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். தேதி, ரத்த அழுத்தம், வேகம், நிமிடம், இறுக்கம் வந்ததா, பாதத்தில் சிவப்பு உண்டா, நோயாளி தானே மிதித்த நிமிடம் எவ்வளவு என்ற ஏழு கட்டங்கள் போதும். இயன்முறை மருத்துவர் வரும்போது இந்த நோட்டைப் பார்த்துத்தான் வேகத்தையும் நேரத்தையும் மாற்ற வேண்டும். தனியார் இயன்முறை மருத்துவருக்குச் செலவிட முடியாதவர்கள் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சைக்காக அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வருபவரிடம் பெடலை மறைக்காமல் காட்டி, பாதத்தைப் பொருத்தும் முறையை அவர் முன்னால் ஒரு தடவை செய்துகாட்ட வேண்டும். நோட்டின் கடைசிக் கட்டத்தில் எண் வாரத்துக்கு வாரம் கூடினால் பயிற்சி சரியான வழியில் போகிறது. ஆறு வாரமாக அது பூஜ்யத்திலேயே நின்றால், மோட்டார் நேரத்தைக் கூட்டுவது தீர்வல்ல. அந்தக் காலுக்கு வேறு பயிற்சி வேண்டுமா, பெடல் மூட்டைக் காக்க மட்டும்தானா என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். நோயாளி மோட்டார் துணையில்லாமல் பத்து நிமிடம் தானே மிதிக்கத் தொடங்கிவிட்டால், கருவியை எதிர்ப்பு தரும் நிலைக்கு மாற்றலாம் அல்லது சாதாரண பயிற்சி சைக்கிளுக்குப் போகலாம். அங்கே அவருடைய களைப்பே மறுபடியும் பிரேக் ஆகிவிடும். அதன்பின் இந்த அத்தியாயத்தின் பாதி விதிகள் அவருக்குத் தேவைப்படாது.